தேர்வாளர் பட்டியலை யோசித்து எழுதுங்கள்: கொங்கு நாட்டு ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நெறியாளர்களுக்கும், ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் எத்தனையோ பேர் இப்போது முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார்கள். சினாப்சிஸ் என்ற ஆய்வேட்டுச் சுருக்கம் தயாராகிவிட்டது. அதோடு சேர்த்து, ஆய்வேட்டை மதிப்பிடத் தகுந்தவர்கள் இவர்கள் என்று நெறியாளர் ஒரு தேர்வாளர் பட்டியல் தர வேண்டும். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐந்தாறு வருடம் ஒருவர் உழைத்த வேலையை யார் படித்து மதிப்பிடப் போகிறார்கள் என்பது பல இடங்களில் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. "பேனல் இன்னும் வரலையே" என்று அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும். நெறியாளர் போன மாணவருக்குக் கொடுத்த பட்டியலை எடுப்பார். அதில் ரிட்டையர் ஆனவர் பெயரை எடுத்துவிட்டு வேறொன்று சேர்ப்பார். பழக்கமான நண்பரைக் கூப்பிட்டு, "சார், உங்க பேரைப் போட்டுக்கறேனுங்க" என்பார். அவரும் சரி என்பார். அத்துடன் வேலை முடிந்தது. ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் பேசியவர்கள், அதைப் படிக்கப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம்கூட ஒதுக்குவதில்லை.

இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பொருளியல் துறையில் பல வருடம் பாடம் நடத்தி, மாணவர்களுக்கு நெறியாளராக இருந்து, பிற பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்குத் தேர்வாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் இந்த விஷயத்தில் சொல்வது சில வரிகள்தான். நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிட வேண்டும். அவர்கள் அந்தத் துறையில் வல்லவர்களாகவும், நல்ல ஆய்வு வெளியீடுகள் உள்ளவர்களாகவும், அதே நிறுவனத்தில் வேலை பார்க்காதவர்களாகவும் இருக்க வேண்டும். முடிந்தால் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே இருந்து வர வேண்டும். இருவரும் ஏற்கலாம் என்று எழுதினால்தான் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஒருவர் மறுத்தால் ஒப்புதல் பெற்ற பட்டியலில் இருக்கும் வேறொருவருக்குப் போகும். அவரும் மறுத்தால் ஆய்வேடு தள்ளுபடி. சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

அந்தத் தேர்வாளர் நெறியாளரின் நெருங்கிய நண்பரா, பழைய மாணவரா, சேர்ந்து கட்டுரை எழுதியவரா என்ற கேள்வியெல்லாம் இந்த வரிகளில் இல்லை. பல்கலைக்கழகம் தன் விதியில் தானாகச் சேர்த்துக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் நெறியாளரின் மனசாட்சிதான் விதி. இங்கிலாந்தில் நெறியாளர் தன் மாணவரின் ஆய்வேட்டுக்குத் தேர்வாளராக இருக்க முடியாது. உள்ளிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர் என்று வேறு இருவர்தான் மதிப்பிடுவார்கள். நம் ஊரில் நெறியாளரும் ஒரு மதிப்பீட்டாளர். அதைக் குறை சொல்லவில்லை. ஆய்வின் ஒவ்வொரு படியையும் அறிந்தவர் அவர்தானே. ஆனால் அதனாலேயே, எந்தச் சார்பும் இல்லாமல் படிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க அந்த இரண்டு வெளியாட்கள் தலையில் விழுகிறது. அவர்களும் நம் ஆட்களாகவே அமைந்துவிட்டால், ஆய்வேட்டை வெளியார் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்றுதான் ஆகும்.

நம் கொங்கு நாட்டுக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று இருக்கிறது. 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம், 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் என்று வந்த பிறகுதான், தோட்டத்திலும் தறிக்குடியிலும் பிறந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே ஆய்வு செய்யும் காலம் வந்தது. பெரிய மாற்றம் அது. ஆனால் ஒரு துறையில் நெறியாளராக இருப்பவர்கள் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார வைத்துவிடலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இவரின் மாணவர் அவர் கல்லூரியில் வேலை பார்க்கிறார். அவர் நடத்தும் கருத்தரங்குக்கு இவர் தலைமை. இவர் மாணவருக்கு அவர் அறிக்கை எழுதுவார். ஆறு மாதம் கழித்து அவர் மாணவருக்கு இவர் எழுதுவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. முகத்தாட்சண்யம், பழக்கம், ஒருவருக்கொருவர் உதவி. ஆனால் இப்படி நாலைந்து வருடம் போனால் ஒரு துறை முழுவதும் ஒரே வட்டத்துக்குள் சுற்ற ஆரம்பிக்கிறது. இந்த வட்டத்துக்குள் எல்லோரும் செய்யும் ஒரு பிழையை யாரும் பிழையென்று சொல்வதில்லை.

இதில் அடிபடுவது மாணவர்தான். பட்டம் வந்துவிடும், அது உண்மை. ஆனால் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடுகிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வேலைக்கான நேர்காணலில் ஒருவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த மாதிரியை (சாம்பிளை) ஏன் இப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போதுதான் அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை முதல்முறையாகக் கேட்கிறாள். அதை வைவாவிலேயே ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

நல்ல தேர்வாளர் என்ன செய்வார் என்பதற்கு நான் ஆலோசனைக் குழுவில் இருந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் கூலிக்கு நெய்பவர்களின் வருமானம் பற்றியது அது. இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், தறிக்காரர் நெய்து துணியாகக் கொடுத்துக் கூலி வாங்குவார். கூலி உயர்வுக்காக எத்தனை முறை தறிகள் நின்றிருக்கின்றன, எத்தனை முறை கலெக்டர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது என்பது ஊரறிந்தது. மாணவி தறிக்காரர் வீட்டுப் பெண். கணக்கும் நன்றாகப் போடுவாள். ஆய்வேடு பார்க்க அழகாகவே இருந்தது.

நெறியாளர் வழக்கமான பெயர்களை விட்டுவிட்டு, வேறு மாநிலத்தில் முறைசாராத் தொழிலாளர் பற்றி வேலை செய்யும் ஒருவரைப் பட்டியலில் சேர்த்தார். நேரில் பார்த்ததில்லை, கட்டுரைகளைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தேர்வாளரின் அறிக்கை பக்கம் பக்கமாக வந்தது. அவர் பிடித்தது ஒரே ஒரு இடம். மாதிரிக்கான பெயர்களைத் தறிக்காரர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். சங்கத்தில் சேராமல், வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு நாலு தறி ஓட்டும் குடும்பங்கள் இதில் எங்கே? வீட்டுப் பெண்கள் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் யார் உழைப்புக் கணக்கில் சேர்ந்திருக்கிறது? அந்தக் குடும்பங்களைச் சேர்த்தால் சராசரி வருமானம் இதே இடத்தில் நிற்குமா?

அந்த மாணவி அழுதாள். பிறகு திரும்பவும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். ஓர் இயலை முழுக்கத் திருத்தி எழுதினாள். வைவாவில் அதே தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்கள் அந்த ஆய்வேட்டைவிட நன்றாக இருந்தன. அவள் வீட்டில் அம்மாவும் சித்தியும் நாள் முழுக்கச் செய்த வேலை ஒரு பொருளியல் ஆய்வேட்டுக்குள் வந்தது அந்தத் தேர்வாளரால்தான். அவருக்குச் சோமனூர் எங்கே இருக்கிறது என்றுகூட முன்னால் தெரிந்திருக்காது.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றிய ஆய்வேட்டுக்கு வந்த ஓர் அறிக்கை அரைப் பக்கம். "ஆய்வாளர் கடுமையாக உழைத்துள்ளார், இயல்கள் முறையாக அமைந்துள்ளன, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று இருந்தது. அதில் குறிப்பிட்டிருந்த மாவட்டம் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. வேறு ஏதோ ஆய்வேட்டுக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார். ஐந்து வருட உழைப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மாணவியிடம் இதை எப்படிச் சொல்வது?

சரி, யாரைப் போடுவது?

முதலில் பெரிய பெயர்மேல் இருக்கிற மயக்கத்தை விடுங்கள். முன்னாள் துணைவேந்தர், பத்துக் குழுக்களில் தலைவர், விருது பெற்றவர் என்று பெயரைப் போட்டால் பட்டியல் கனமாகத் தெரியும். அவருக்குப் படிக்க நேரம் இருக்காது. தன் மாணவர் கையில் கொடுத்து, "பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதுப்பா" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாணவரின் துறையில் கடந்த நாலைந்து வருடத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிற, நடுவயதில் இருக்கிற ஓர் இணைப் பேராசிரியரைத் தேடுங்கள். அவர் படிப்பார். அந்த ஆய்விலிருந்து தனக்கும் ஏதாவது கிடைக்குமா என்ற ஆவலோடு படிப்பார்.

அவரை எங்கே தேடுவது என்றால், ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலிலேயே பாதிப் பேர் இருப்பார்கள். மாணவர் யாருடைய முறையைப் பின்பற்றினார், யாருடைய முடிவை மறுத்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மறுக்கப்பட்டவரைத் தேர்வாளராகப் போடலாமா என்று கேட்பீர்கள். நேர்மையானவர் என்று தெரிந்தால் தாராளமாகப் போடலாம். தன் கருத்தை ஒரு பிள்ளை எப்படி மறுத்திருக்கிறது என்று அவரைவிடக் கூர்ந்து படிப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். தன் கருத்தை யார் தொட்டாலும் கோபப்படுகிறவர் என்று தெரிந்தால் வேண்டாம். அந்த வித்தியாசம் நெறியாளருக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் பட்டியல் போடும் உரிமையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆளாக இருக்கக் கூடாது என்பதையும் யோசியுங்கள். நொய்யல் கரைக் கிணறுகளின் உப்புத்தன்மை பற்றி ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் கழிவு தேங்கிய கதை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, அப்புறம் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள், இதெல்லாம் அந்த ஆய்வுக்குள் வரும். இதற்கு இரண்டு பேரும் நீர் வேதியியல்காரர்களாக இருந்தால் ஆய்வகத்து எண்களை மட்டும் சரிபார்ப்பார்கள். அந்தக் கிணற்றை நம்பி மஞ்சளும் தென்னையும் வைத்திருந்தவர் தோட்டத்தில் என்ன ஆனது என்ற இயலை யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவர் வேதியியல், இன்னொருவர் மண்ணியலோ பாசனமோ வேளாண் பொருளியலோ என்று பிரித்துப் போட்டால் ஆய்வேடு முழுதும் படிக்கப்படும்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தேர்வாளர் ஒரு சாயப்பட்டறைக் குழுமத்துக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ ஆலோசகராகக் காசு வாங்குபவரா? அல்லது அவற்றுக்கு எதிராக வழக்கு நடத்தும் தரப்புக்கு நிபுணராகச் சாட்சி சொன்னவரா? இரண்டில் எது இருந்தாலும் அவர் இந்த ஆய்வேட்டுக்கு வேண்டாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். நம் பகுதி தொழில் பகுதி. பம்பு, பஞ்சாலை, பனியன், கோழி, ஜவ்வரிசி என்று எதை எடுத்து ஆய்வு செய்தாலும் அதில் பணம் இருக்கிறது, அதோடு உறவு வைத்திருக்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். தொழிலோடு உறவு வைப்பது தப்பில்லை. அந்தத் தொழிலைப் பற்றிய ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடும் இடத்தில் அவர் உட்காரக் கூடாது.

நெறியாளரோடு உள்ள உறவும் அப்படித்தான். சேர்ந்து கட்டுரை எழுதியவர், ஒரே திட்டத்தில் நிதி வாங்கியவர், ஒரே நெறியாளரிடம் படித்தவர், முன்பு ஒரே துறையில் வேலை பார்த்தவர், சொந்தக்காரர், சம்பந்தி வீட்டுக்காரர். இவர்களை எடுத்துவிட்டால் பட்டியலே மிஞ்சாது என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கொங்கு நாட்டுக்குள்ளேயே தேடினால் மிஞ்சாதுதான். திருநெல்வேலியில், புதுச்சேரியில், ஐதராபாத்தில், திருவனந்தபுரத்தில் ஆள் இல்லையா? ஷோத்கங்காவில் யார் யாரிடம் ஆய்வு செய்தார்கள் என்று நெறியாளர் பெயரோடு இருக்கிறது. வித்வான் (Vidwan) தளத்தில் துறைவாரியாகப் பேராசிரியர்களின் வெளியீடுகளைப் பார்க்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் போதும், இதுவரை கேள்விப்படாத நல்ல பெயர்கள் கிடைக்கும்.

வெளிநாட்டுத் தேர்வாளர் விஷயத்தில் ஒரு வார்த்தை. விதி "முடிந்தால்" என்றுதான் சொல்கிறது. ஆனால் வெளிநாட்டு முகவரி இருந்தால் போதும் என்று யாரோ ஒருவர் பெயரைப் போட்டுவிடுவது நடக்கிறது. தமிழில் எழுதிய ஆய்வேட்டைத் தமிழ் படிக்கத் தெரியாதவர் எப்படி மதிப்பிடுவார்? யாழ்ப்பாணம், பேராதனை, மலாயா பல்கலைக்கழகங்களில் தமிழில் ஆழ்ந்த வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கொடுமணல் போன்ற ஓர் அகழாய்வு இடத்தின் மணித்தொழிலையோ இரும்புத் தொழிலையோ பற்றிய ஆய்வென்றால், தமிழே தெரியாவிட்டாலும் பண்டைய மணிகளையும் உலைகளையும் பற்றி வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஒருவருக்கு அனுப்பலாம். அதற்கு ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த நாடு என்பதற்கு முன்னால் என்ன படித்திருக்கிறார் என்று பாருங்கள்.

இப்போது மாணவரைப் பற்றி. பட்டியல் இரகசியம், மாணவருக்குத் தெரியக் கூடாது என்பது சரியான ஏற்பாடு. தேர்வாளரை மாணவர் போய்ப் பார்த்து வரக் கூடாது என்பதற்காக வைத்தது. அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மாணவரிடம் எதையுமே கேட்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சினாப்சிஸ் கட்டத்தில் மாணவரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். என் ஆய்வின் மையக் கேள்வி இது, நான் கையாண்ட முறை இது, இந்தந்த அறிஞர்களின் கருத்தோடு நான் மாறுபடுகிறேன், இந்தந்த நபர்களோடு எனக்கு வேலை வகையிலோ குடும்ப வகையிலோ தொடர்பு உண்டு, இன்னார் என்னை நியாயமாக மதிப்பிட மாட்டார் என்று நினைக்கிறேன், காரணம் இது. அதை உறையில் போட்டு நெறியாளரிடமும் ஆலோசனைக் குழுத் தலைவரிடமும் கொடுக்கட்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. யார் கூடாது என்று சொல்லும் உரிமை மாணவருக்கு வேண்டும்.

குறிப்பாக மாணவிகளுக்கு வேண்டும். கருத்தரங்குகளில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார், வைவாவில் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் ஆய்வு மாணவிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். நம்மிடம் சொல்வதற்கு வழியே வைக்கவில்லை நாம். வைவாவில் ஒரு மாணவியிடம் தரவைப் பற்றி ஒரு கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? வீட்டுக்காரர் விடறாரா?" என்று மூன்று கேள்வி கேட்ட தேர்வாளரை நான் பார்த்திருக்கிறேன். அவள் சிரித்துச் சமாளித்தாள். அவர் பெயர் அதற்கப்புறமும் பட்டியல்களில் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு துறையில் நாலு நெறியாளர்கள் சேர்ந்து, இவரை இனி போட வேண்டாம் என்று முடிவு செய்தால் அது நின்றுவிடும். அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

கால தாமதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறு மாதம் என்பது விதி. பட்டியலில் பெயரைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பேராசிரியருக்கு இந்த வருடம் நேரம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வேடு போய் அவர் மேசையில் உட்கார்ந்துகொள்கிறது. அலுவலகம் நினைவூட்டல் அனுப்புகிறது, அப்புறம் இன்னொரு நினைவூட்டல். கடைசியில் அவர் வெளிநாடு போய்விட்டார் என்று தெரிந்து அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். இதற்குள் மாணவரின் உதவித்தொகை நின்றிருக்கும். நம் பக்கத்தில் பாதிப் பேர் சுயநிதிக் கல்லூரியில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் ஆய்வு செய்கிறவர்கள். டாக்டர் பட்டம் வந்தால்தான் சம்பளத்தில் ஒரு படி ஏறும், உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கை ஓங்கும். சனிக்கிழமை தவறாமல் கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து ஆய்வு முடித்தவர்களை, யாரோ ஒருவர் உறையைப் பிரிக்கவில்லை என்பதற்காக ஒரு வருடம் காக்க வைப்பது கொடுமை. "தங்களால் மூன்று மாதத்தில் அறிக்கை தர இயலுமா?" என்று பல்கலைக்கழகத்திலிருந்து, ஆய்வேட்டுச் சுருக்கத்தை மட்டும் இணைத்து, முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். முடியாது என்பவர் அப்போதே சொல்லிவிடுவார். மாணவரின் பெயர்கூட அதில் தேவையில்லை.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்து யாரும் எழுதாத விஷயம்: செலவு. தேர்வாளர் வரும் கார், தங்கும் விடுதி, மத்தியானச் சாப்பாடு, பொன்னாடை, கையில் கொடுத்தனுப்பும் பை. இதெல்லாம் மாணவர் தலையில் விழுகிறது. கடன் வாங்கிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். "எல்லாரும் செய்யறாங்க மேடம், நான் மட்டும் எப்படிங்க விடறது?" என்பார்கள். நெறியாளர் வாய் திறந்து கேட்கவில்லை என்பது பதில் ஆகாது. வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வைவாவை இணையவழியில் நடத்தலாம் என்று 2022 விதிகளே சொல்கின்றன. தேர்வாளர் கட்டாயம் நேரில் வர வேண்டுமென்றால் அவர் பயணமும் தங்குமிடமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஒரு தேர்வாளர் எப்படி உபசரிக்கப்பட விரும்புவார் என்பதை யோசித்துப் பெயரைப் போடும் நிலைமை எந்த நெறியாளருக்கும் வரக் கூடாது. வந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். இணையவழி வைவா வந்த பிறகு குவாஹாட்டியில் இருப்பவரையும் தேர்வாளராகப் போடலாம். தூரம் இனி ஒரு காரணமே இல்லை.

கண்டிப்பானவரைப் போட்டால் மாணவருக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்று பயப்படும் நெறியாளர்கள் பலர் உண்டு. அந்தப் பயம் அன்பிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளை கஷ்டப்பட்டு வந்திருக்கிறது, கடைசியில் எதற்கு வம்பு? ஆனால் விதியைப் பாருங்கள்: திருத்தம் சொல்லி ஏற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஒரு தேர்வாளர் நியாயமில்லாமல் தள்ளினால் இன்னொருவருக்குப் போகவும் வழி இருக்கிறது. கண்டிப்பான தேர்வாளரால் நல்ல ஆய்வேடு சாவதில்லை. பலவீனமான ஆய்வேடு என்று நெறியாளருக்கே தெரிந்தால், அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஆலோசனைக் குழுவும் சமர்ப்பிப்புக்கு முந்தைய முன்வைப்பும். சாதுவான தேர்வாளரைத் தேடிப் பிடித்து அதை மறைக்கக் கூடாது.

அப்படியென்றால் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடித்துக் கலைவதற்காக அந்தக் குழுவை வைக்கவில்லை. பட்டியல் போகும் முன் நெறியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எதற்கு? இவர்களில் யாரோடு உங்களுக்கு என்ன தொடர்பு? பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரி காரணமும், தொடர்பு எதுவும் இல்லை என்ற உறுதிமொழியும் கேட்கும்படி படிவத்தை மாற்றச் சொல்லி ஆராய்ச்சிப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரே நெறியாளரின் பட்டியலில் ஒரே தேர்வாளர் சில வருடத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தால் அலுவலகத்துக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும்; அதைப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

பதிவாளர்களிடமும் ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரிகளிடமும் கடைசியாக ஒரு கோரிக்கை. தேர்வாளர் அறிக்கையை முழுசாக மாணவரிடம் கொடுங்கள். பல மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைப் பற்றி இரண்டு அறிஞர்கள் என்ன எழுதினார்கள் என்பதைக் கடைசிவரை பார்த்ததே இல்லை. வைவாவில் நெறியாளர் வாசித்துக் காட்டும் நாலு வரிதான் காதில் விழுந்திருக்கும். அரைப் பக்க அறிக்கை எழுதுகிறவர், அது மாணவர் கைக்குப் போகும், துறை நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரதியோடு சேர்த்து வைக்கப்படும் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதுவார். பக்கம் பக்கமாக எழுதியவரின் உழைப்பும் வீணாகாது. அடுத்து வருகிற மாணவர் அதைப் படித்துக் கற்றுக்கொள்வார். இந்தப் பருவத்தில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்,
ஈரோடு